ஆயாவின் தொடருக்கு எந்தச் சந்தா? டர்பனில் மூன்று வீடுகள் போட்ட கணக்கு

ஜூலை முதல் வாரத்தில் ஒரு நாள், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் வீட்டில், மாலை விளக்கேற்றிவிட்டு ஆயா (பாட்டியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) வழக்கம்போல நாற்காலியை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தொடர் வரவில்லை. திரையில் ஒரு பூட்டுப் படம், அதற்குக் கீழே இந்த நிகழ்ச்சி கூடுதல் தொகுப்பில் கிடைக்கும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. “ஏம்மா, காசு கட்டலையா?” என்று கேட்டார். கட்டியிருந்தோம். முந்தின மாதத்தைவிட அதிகமாகவே கட்டியிருந்தோம்.

நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இந்திய மொழிப் படங்களையும் தொடர்களையும் இணையம் வழியாகத் தருகிறவர்கள். மூன்று வருடமாக அவர்களிடம் சந்தா வைத்திருந்தோம். மாதம் 89 ராண்டாக இருந்ததை 139 ஆக்கினார்கள். ஒரே நேரத்தில் இரண்டு திரையில் பார்க்கலாம் என்றிருந்தது ஒரு திரையானது. தமிழ்த் தொடர்களைத் தனியே பிரித்து, அதற்கு மேலும் 60 ராண்ட் என்றார்கள். இந்த மூன்று மாற்றத்தையும் சொல்லும் மின்னஞ்சல், வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய் நான்கு நாள் கழித்து வந்தது. ஆக, 89 ராண்டுக்குப் பார்த்ததை இனிமேல் பார்க்க 199 வேண்டும், அதுவும் ஒற்றைத் திரையில். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். நான்கு பேரிடம் மாற்றிவிட்டார்கள். நான்காவதாக வந்த பெண், பாவம், தன்னிடம் இருந்த ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: “தொகுப்புகள் மாறியிருக்கின்றன.”

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று வீட்டுக்காரர்களும் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டில் கூடினோம். ஃபீனிக்ஸிலிருந்து தம்பி குடும்பம், டோங்காட்டிலிருந்து பெரியம்மா. மூவருக்கும் மூன்று விதமான கோபம். தம்பி வீட்டில் இரண்டாவது திரை போய்விட்டது. பெரியம்மா தனியாக ஒரு சந்தா வைத்துப் போனில் மட்டும் பார்ப்பவர், விலை ஏறியதுதான் அவருக்கு வலித்தது. முதியோர் உதவித்தொகை 2,000 ராண்டைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதில் 50 ராண்ட் என்பது ஒரு வாரத்து ரொட்டியும் பாலும். எனக்கோ, சொல்லாமல் எடுத்துக்கொண்டார்களே என்பதுதான் ஆறவில்லை.

இருப்பதா, விடுவதா, விட்டால் எங்கே போவது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. அதற்காக நான் தேடிப் படித்ததையும் நாங்கள் போட்ட கணக்கையும் இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் ஒரு பழைய கதை, ஏனென்றால் எங்கள் முடிவை மாற்றியது அதுதான். 2011-இல் அமெரிக்காவில் நெட்ஃபிளிக்ஸ் இரண்டு வேலை செய்துகொண்டிருந்தது. சிவப்பு உறையில் டிவிடியைத் தபாலில் அனுப்புவது ஒன்று, இணையத்தில் நேரடியாகப் படம் காட்டுவது இன்னொன்று. இரண்டும் சேர்ந்து மாதம் 9.99 டாலர். அந்த ஆண்டு ஜூலை 12-ஆம் தேதி, இனி இரண்டும் தனித்தனி, ஒவ்வொன்றும் 7.99 என்று அறிவித்தார்கள். இரண்டும் வேண்டுமென்றால் 15.98 டாலர், அதாவது 60 சதவீத ஏற்றம். செப்டம்பர் 18-ஆம் தேதி அதன் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், தான் தவறிவிட்டதாக எழுதி மன்னிப்புக் கேட்டார். விலை குறையும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அதே கடிதத்தில் இன்னொரு செய்தி காத்திருந்தது: டிவிடி வேலையை க்விக்ஸ்டர் என்ற புதுப் பெயரில் தனிச் சேவையாகவே பிரிக்கப் போகிறோம். ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு தளம், இரண்டு கணக்கு, இரண்டு பில். ஒரு படத்தைத் தேடினால் இங்கே இல்லாதது அங்கே இருக்கிறதா என்று நாமே போய்ப் பார்க்க வேண்டும்.

மக்கள் கொதித்துப்போனார்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்று மாதத்தில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 8 லட்சம் சந்தாதாரர்கள் குறைந்தார்கள். அக்டோபர் 10-ஆம் தேதி, அறிவித்து மூன்று வாரம் முடிந்த மறுநாளே, க்விக்ஸ்டர் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

இதில் நான் அடிக்கோடிட்டுக்கொண்ட இடம் ஒன்று உண்டு. பிரித்ததைத் திரும்பச் சேர்த்தார்களே தவிர, ஏற்றிய விலையை இறக்கவில்லை. 8 லட்சம் பேர் போன பிறகும் 15.98 அப்படியே நின்றது. டிவிடிக் கிளை வருடத்துக்கு வருடம் தேய்ந்து, 2023 செப்டம்பர் 29-ஆம் தேதி கடைசி உறையை அனுப்பிவிட்டு மூடப்பட்டது. அவர்கள் எங்கே போக நினைத்தார்களோ அங்கேதான் போனார்கள். நடுவில், நடைமுறையில் தொல்லையாக இருந்த ஒன்றை மட்டும் வாடிக்கையாளர் குரல் நிறுத்தியது.

இதை ஞாயிறு மேசையில் சொன்னபோது தம்பி, “அப்போ கத்தி என்ன பிரயோசனம் அக்கா?” என்றான். பிரயோசனம் உண்டு, எதற்குக் கத்துகிறோம் என்பது தெரிந்தால். விலையைக் குறை என்று கேட்பதைவிட, எடுத்த வசதியைத் திருப்பிக் கொடு என்று கேட்பதற்குப் பலன் அதிகம். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். விலை விஷயத்தில் நம் கையில் இருப்பது வெளியே போவது ஒன்றுதான்.

நம் ஊரிலும் இது புதிதில்லை. தென்னாப்பிரிக்காவில் டிவி ஒளிபரப்பே 1976 ஜனவரியில்தான் வந்தது. பத்து வருடம் கழித்து, 1986-இல் எம்-நெட் என்ற கட்டண அலைவரிசை வந்தபோது டெக்கோடர் (பூட்டைத் திறக்கும் பெட்டி) வாங்க முடியாதவர்களுக்கு மாலை 5 முதல் 7 வரை பூட்டில்லாமல் காட்டினார்கள். ஆயா இன்னும் அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றிப் பேசுவார். 2007-இல் அது நின்றது. நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில் இங்கே வந்தபோது விலையை டாலரில் வைத்தது: குறைந்தது 7.99. அப்போது டாலருக்கு 16 ராண்டுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது, ஆக 130 ராண்டுக்குப் பக்கம், அதுவும் மாதா மாதம் மாறும். பிறகு ராண்டில் விலை வைத்தபோது அடிப்படைத் திட்டம் 99-க்கு வந்தது. அது நல்லது. ஆனால் கடவுச்சொல்லைப் பகிர்வதுதான் அன்பு என்று 2017-இல் ட்விட்டரில் எழுதிய அதே நிறுவனம், 2023-இல் வீட்டுக்கு வெளியே பகிர்வதைத் தடுத்தது. டிஷ் வழியாக அலைவரிசைகள் தரும் டிஎஸ்டிவி, 2022 மார்ச் 22 முதல், ஒரு கணக்கில் ஒரே நேரத்தில் ஒரு கருவியில்தான் இணையம் வழியாகப் பார்க்கலாம் என்று மாற்றியது. அங்கே விலையும் பெரும்பாலும் ஏப்ரல் தோறும் நகர்ந்து வந்தது. 2024 ஏப்ரலில் ப்ரீமியம் தொகுப்பு 929 ராண்டுக்குப் போனது. டிஎஸ்டிவியை நடத்தும் மல்டிசாய்ஸின் சந்தாதாரர்கள் 2025 மார்ச்சுடன் முடிந்த ஓராண்டில் மட்டும் 12 லட்சம் குறைந்து 1 கோடியே 45 லட்சத்துக்கு வந்தார்கள். பிறகு அந்த நிறுவனமே பிரான்ஸின் கனால் பிளஸ் கைக்குப் போனது.

சரி, இனி எங்கள் முன்னால் இருந்த வழிகள்.

அப்படியே இருந்து 199 கட்டுவது முதல் வழி. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆயாவுக்குப் பழகிய ரிமோட், பழகிய பட்டன், தொடர் விட்ட இடத்திலிருந்து ஓடும். 81 வயதில் அது சின்ன விஷயமில்லை. ஆனால் இந்த முறை சொல்லாமல் ஏற்றியவர்கள் அடுத்த முறை சொல்லிவிட்டு ஏற்றுவார்கள் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

இரண்டாவது வழி டிஷ். இதை எங்கள் தலைமுறை சீக்கிரம் தள்ளிவிடுகிறது, அது தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. டிஷ்ஷுக்கு டேட்டா வேண்டாம், ஃபைபர் வேண்டாம், செயலியைப் புதுப்பிக்க வேண்டாம். பட்டனை அழுத்தினால் படம். நேரமும் ஒத்துவருகிறது: இந்தியா நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அங்கே இரவு 9 மணிக்கு வரும் தொடர், நேரடி ஒளிபரப்பாக இருந்தால், டர்பனில் மாலை 5.30-க்கு வந்துவிடும். விளக்கேற்றும் நேரத்துக்குச் சற்று முன். ஆயாவைப் போன்றவர்களின் நாள் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. குறைகளும் உண்டு. இந்திய மொழி அலைவரிசைகள் பெரும்பாலும் தனித் தொகுப்பாகவோ மேல்தொகுப்பாகவோதான் வரும்.  பதிவு செய்யும் டெக்கோடர் வைத்தால் அதற்கு மாதா மாதம் தனிக் கட்டணம். கோடை மழை வந்து மேகம் இறங்கினால் சிக்னல் போய்விடும். எங்களுக்குப் பெரிய குறையாகப் பட்டது வேறு: அலைவரிசையில் வரும் தமிழ்த் தொடருக்குச் சப்டைட்டில் பெரும்பாலும் இருக்காது.

சப்டைட்டிலைப் பற்றி நின்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருப்பவர்களுக்கு இது ஒரு பொருட்டாகவே தோன்றாது. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆறாவது தலைமுறையோ ஏழாவதோ. ஆயா கோயில் சங்கம் நடத்திய மாலைப் பள்ளியில் தமிழ் படித்தவர். எனக்குப் படிக்க எழுத வரும், அதுவும் பிடிவாதமாகக் கற்றதால். பிள்ளைகளுக்கு ஆயா, தாத்தா, சோறு, கூழ், காவடி, அவ்வளவுதான். கீழே ஆங்கில எழுத்து ஓடாவிட்டால் ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்கள். எழுத்து ஓடினால் இரண்டரை மணி நேரப் படத்தையும் உட்கார்ந்து பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, “ஆயா, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்பார்கள். சின்னவள் ஒரு முறை, எழுத்தில் போட்டது ஒன்று, படத்தில் பேசியது வேறு என்று கண்டுபிடித்தாள். அன்றைக்கு ஆயாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே மூன்றாவது வழியான பெரிய இணையச் சேவைகளை விலையை வைத்து மட்டும் எங்களால் எடைபோட முடியவில்லை. நெட்ஃபிளிக்ஸிலும் பிரைம் வீடியோவிலும் தமிழ்ப் படங்கள் வருகின்றன, பெரும்பாலானவற்றுக்கு ஆங்கிலச் சப்டைட்டில் இருக்கும். பிரைம் வீடியோ பல காலமாக மாதம் 79 ராண்டில் நின்றது. 2022 மே மாதம் 119 ராண்டுக்கு வந்த டிஸ்னி பிளஸ் பிள்ளைகளுக்கு நல்லது, ஆயாவுக்கு அதில் ஒன்றுமில்லை. இவையெல்லாம் நகரும் விலைகள், சேரும் நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் ஓடும் மெகா தொடர் இவற்றில் கிடைப்பது அரிது. படம் வேண்டுமென்றால் இங்கே, தொடர் வேண்டுமென்றால் வேறு இடம் என்றுதான் நிலைமை.

இந்த வழியில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. இவை மாதச் சந்தா. இன்றைக்கு ரத்து செய்தாலும் கட்டிய மாதம் முடியும்வரை ஓடும். ஒரு மாதம் ஒன்றை வைத்து, வேண்டிய படங்களைப் பார்த்துவிட்டு, அடுத்த மாதம் இன்னொன்றுக்குப் போகலாம். நெட்ஃபிளிக்ஸில் ரத்து செய்த பிறகும் சில மாதங்கள் வரை உங்கள் கணக்கு விவரத்தை வைத்திருக்கிறார்கள். அதற்குள் திரும்பிப் போனால் விட்ட இடம் அப்படியே இருக்கும். மூன்று சேவையை எப்போதும் வைத்திருப்பதற்கும், ஒவ்வொன்றாகச் சுற்றி வருவதற்கும் வருடக் கடைசியில் செலவு மூன்றில் ஒரு பங்காகிறது. தம்பி மனைவி இதைக் கேட்டதும் காகிதத்தை எடுத்து எந்த மாதம் எது என்று எழுத ஆரம்பித்துவிட்டாள்.

டேட்டா கணக்கையும் சேர்க்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் அளவுப்படி சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபி வரை, எச்டியில் 3 ஜிபி வரை, 4கே என்றால் 7 ஜிபி வரை போகும். வாரம் ஆறு நாள், நாளுக்கு இருபது நிமிடத் தொடர் என்றால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம். சாதாரணத் தரத்தில் மாதம் 8, 9 ஜிபி. இதையே எச்டியில் ஓடவிட்டால் 25-ஐத் தாண்டும். ஃபைபர் இருக்கும் வீட்டில் இது ஒன்றுமில்லை, ஏற்கனவே பிள்ளைகளின் பள்ளிக்காகக் கட்டிக்கொண்டிருப்பதுதான். பெரியம்மாவைப் போல ப்ரீபெய்டு டேட்டாவில் பார்ப்பவருக்குச் சந்தாவைவிட டேட்டாதான் பெரிய செலவு. போன் செட்டிங்கில் தரத்தைக் குறைத்து வைத்துக் கொடுத்தேன். அந்தச் சின்னத் திரையில் வித்தியாசமே தெரியவில்லை என்றார். அவருக்கு அன்றைக்கு நான் செய்த பெரிய உதவி அதுதான் என்று நினைக்கிறேன், சந்தாவை மாற்றியதைவிட.

லோட் ஷெட்டிங், அதாவது முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது, இப்போது பெரிதாக இல்லை என்றாலும் 2022-ஐயும் 2023-ஐயும் யாரும் மறக்கவில்லை. மின்சாரம் போனால் பேட்டரி வைத்து டிவியையும் ரவுட்டரையும் ஓட்டலாம், ஆனால் அந்தப் பகுதி டவரும் சேர்ந்து படுத்துவிட்டால் போனில் இணையம் இருக்காது. டிஷ்ஷுக்கு அந்தக் கவலை இல்லை. இணையச் சேவையில் இருப்பவர்கள் இரண்டு படத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வசதி உங்கள் திட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

நான்காவது, இலவசம். ஓப்பன்வியூ 2013-இல் தொடங்கியது. பெட்டிக்கும் டிஷ்ஷுக்கும் ஒரு முறை பணம் கொடுத்தால் அப்புறம் மாதச் சந்தா கிடையாது. செய்தி, உள்ளூர் நாடகம், பிள்ளைகள் நிகழ்ச்சி எல்லாம் வரும். ஆயாவின் தொடர் வராது. யூடியூபில் உரிமைக்காரர்களே ஏற்றிய பழைய தமிழ்ப் படங்கள் ஏராளம், முழுப் படமாகவே. விளம்பரம் நடுவில் வரும், பரவாயில்லை. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு இதைவிட நல்ல இடம் எதுவும் எனக்குத் தெரியவில்லை, காசு கொடுத்தாலும்கூட. எது எடுத்தாலும் வீட்டில் டிவி இருந்தால் வருடம் 265 ராண்ட் டிவி லைசென்ஸ் சட்டப்படி உண்டு, இலவசம் என்று கணக்குப் போடும்போது அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஐந்தாவதை எல்லாரும் காதோடு காதாகச் சொல்வார்கள்: யாரோ ஒருவர் விற்கும் பெட்டி, ஒரு வருடத்துக்கு ஒரே தொகை, உலகத்துத் தமிழ் அலைவரிசை எல்லாம் அதில். உறவுக்காரர் ஒருவர் வாங்கினார். நாலாவது மாதம் ஒரு காலையில் எல்லா அலைவரிசையும் கறுப்பு. விற்றவர் போனை எடுக்கவில்லை. ரசீதும் கிடையாது, புகார் சொல்ல இடமும் கிடையாது. திருட்டு ஒளிபரப்புக்குக் கொடுக்கும் பணம் அந்தத் தொடரில் நடிப்பவருக்கும் எழுதுபவருக்கும் போவதில்லை என்பதும் எனக்கு உறுத்துகிறது. இதை நாங்கள் மேசைக்கே எடுக்கவில்லை.

வெளியேறுவது எப்படி என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் முடிவு செய்ய முடியாது. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2011-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 14-ஆவது பிரிவு, இத்தனை மாதம் என்று கெடு வைத்த ஒப்பந்தங்களைப் பற்றியது. பொதுவாக 24 மாதத்துக்கு மேல் கட்டிப்போடக் கூடாது. நடுவிலேயே விட நினைத்தால் 20 வேலை நாள் முன்னதாக எழுதிக் கொடுத்துவிட்டு விடலாம். நிறுவனம் நியாயமான ஒரு தொகையை ரத்துக் கட்டணமாகக் கேட்கலாம், மிச்ச மாதங்களின் முழுப் பணத்தையும் அல்ல. டெக்கோடரையோ ஃபைபரையோ தவணையில் சேர்த்து 24 மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. மாதச் சந்தா என்றால் இந்தச் சிக்கல் இல்லை, அதனால்தான் ஒரு வருடச் சந்தாவில் இரண்டு மாதம் இலவசம் என்று யாராவது சொன்னால் நான் இப்போது எடுப்பதில்லை. அந்த இரண்டு மாதத்துக்காக மீதிப் பத்து மாதம் வெளியேறும் கதவை மூடிக்கொள்கிறோம்.

ஒரு எச்சரிக்கை. கோபத்தில் பலர் முதலில் வங்கிக்குப் போய் டெபிட் ஆர்டரை (மாதா மாதம் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டை) நிறுத்திவிடுகிறார்கள். அது சந்தாவை ரத்து செய்வதாகாது. பாக்கி ஏறிக்கொண்டே போய், ஒரு நாள் கடன் வசூலிப்பவரிடமிருந்து போன் வரும். முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் ரத்து செய்து, அதற்கான எண்ணையோ மின்னஞ்சலையோ வாங்கி வைத்துக்கொண்டு, அப்புறம் வங்கிக்குப் போங்கள். டெபிசெக் என்ற, வங்கியே உங்களிடம் சம்மதம் கேட்கும் முறையில் நீங்கள் ஒப்புக்கொண்ட டெபிட் ஆர்டரில் அதிகபட்சத் தொகை ஒன்று பதிவாகியிருக்கும், அது எவ்வளவு என்று வங்கிச் செயலியில் பாருங்கள். கார்டில் கட்டுபவர்கள் வங்கி தரும் மெய்நிகர் கார்டை இதற்கென்று தனியே வைத்துக்கொள்ளலாம்.

இத்தனையும் பார்த்த பிறகு மூன்று வீட்டுக்கும் ஒரே பதில் வரவில்லை. தம்பி அன்றைக்கே விட்டான். அவன் வீட்டில் தமிழ்த் தொடர் பார்க்க ஆளில்லை, படம்தான். மாதத்துக்கு ஒன்றாகச் சுற்றும் வழி அவனுக்குச் சரியாகப் பொருந்தியது. பெரியம்மாவும் விட்டார், யூடியூபும் குறைந்த தரமும் போதும் என்றார். கையில் மிஞ்சும் 139-ஐ வைத்துக் கொஞ்சம் டேட்டா வாங்கிக்கொள்கிறார்.

எங்கள் வீட்டில்தான் இழுத்தது. அமெரிக்கக் கதையை நம்பி நான் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். விலையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. மூன்று வருட வாடிக்கையாளர், தமிழ்த் தொடர்களுக்காகவே சேர்ந்தோம், முன்னறிவிப்பில்லாமல் அதைப் பிரித்துவிட்டீர்கள், திரும்பச் சேர்க்காவிட்டால் மாதக் கடைசியோடு விடுகிறோம், ரத்துக் கோரிக்கையாகவே இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று தேதி போட்டு அனுப்பினேன். ஆறாம் நாள் பதில் வந்தது. தமிழ்த் தொகுப்பை ஆறு மாதத்துக்குக் கட்டணமின்றித் தருகிறார்களாம். விலை 139 அப்படியே, திரையும் ஒன்றேதான்.

ஏற்றுக்கொள்வதா என்று ஆயாவிடமே கேட்டேன். கணக்கு முழுவதையும் உட்கார்ந்து சொன்னேன்: இதற்கு இவ்வளவு, டிஷ்ஷுக்கு இவ்வளவு, படம் வரும் மற்றதற்கு இவ்வளவு. பொறுமையாகக் கேட்டார். “தொடரு போனா போவுது, அதுல யாரு யாருக்கு மாமியானே இப்ப தெரியல. சனிக்கிழமை படத்த நிறுத்திடாத. புள்ளைங்க பக்கத்துல வந்து உக்காருதுங்க” என்றார்.

ஒரு மாதமாக நான் தொடரை வைத்தே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அன்று இரவு காகிதத்தைத் திருப்பிப் போட்டு மறுபடி எழுதினேன். சப்டைட்டிலோடு தமிழ்ப் படம் தரும் ஒரு சேவை வீட்டில் எப்போதும் இருக்கும், அதைச் சுற்றில் விடுவதில்லை. தொடருக்கான சந்தா ஆறு மாதம் ஓடட்டும், இலவசம் முடியும் நாளில் மறுபடி பார்க்கலாம். சமையலறையில் தொங்கும் கோயில் நாட்காட்டி டிசம்பரோடு முடிந்துவிடுகிறது. அதனால் அதன் பின்னட்டையில் ஜனவரி 25 என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன், பணம் எடுக்கும் நாளுக்கு ஐந்து நாள் முன்னதாக.